முடிவுத் தாளைப் படித்துவிட்டுப் பேசுவோம்: காற்று, ஸ்பிளிட், குறிகள், வீடியோ கணக்கு

காற்றுமானி:

பெரிய போட்டி எது முடிந்தாலும் மறுநாளே ஒரே வழக்கு, யார் ஓட்டம் பெரிது என்று. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நேரத்தை எடுத்து நீட்டுகிறார்கள். அந்த நேரம் எந்தக் காற்றில், எந்தச் சுற்றில், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் வந்தது என்று சேர்த்துச் சொல்பவர் குறைவு. முடிவுத் தாளில் நேரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன எண்களையும் எழுத்துகளையும் எப்படிப் படிப்பது என்று அவரவருக்குத் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். காற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.

100, 200, 100 மீட்டர் மற்றும் 110 மீட்டர் தடை ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றின் முடிவுகளில் காற்றளவு கட்டாயம் இருக்கும். பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அது சாதனைக்கு ஆகாது, பதக்கத்துக்கு ஆகும். 2022 யூஜின் உலகப் போட்டியில் டோபி அமுசன் 100 மீட்டர் தடை ஓட்ட அரையிறுதியில் 12.12 ஓடினார். காற்று +0.9, உலக சாதனை. அன்றே நடந்த இறுதியில் 12.06, காற்று +2.5. தங்கம் வாங்கித் தந்தது 12.06, சாதனைப் பட்டியலில் ஏறியது 12.12.

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். காற்றுமானி முதல் லேனை ஒட்டி, முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டரில், 1.22 மீட்டர் உயரத்தில் இருக்கும். 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடிகளின் சராசரி. 100, 110 மீட்டர் தடை ஓட்டங்களுக்கு 13 வினாடி. 200 மீட்டருக்கு முன்னால் ஓடுபவர் நேர்பாதைக்குள் நுழைந்ததிலிருந்து 10 வினாடி, அதாவது வளைவில் வீசிய காற்று கணக்கிலேயே வராது. நீளம் தாண்டுபவர் பலகைக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள குறியைக் கடந்ததிலிருந்து 5 வினாடி, மும்முறை தாண்டுதலில் அந்தக் குறி 35 மீட்டரில்.

கருவி நிற்பது ஒரே இடத்தில். அது அளப்பது பாதையின் நீளவாக்கில் வீசும் காற்றை மட்டும். எட்டாவது லேன் அங்கிருந்து எட்டரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. முழுமையாக்கும் விதியும் நேர்க்குறிப் பக்கமே சாயும்: 2.03 வந்தால் +2.1 என்று எழுதுவார்கள், எதிர்காற்று 2.03 என்றால் -2.0. ஆகவே +2.0-வுக்கும் +2.1-க்கும் நடுவில் இருக்கும் கோடு விதிக்கான கோடு. ஓடியவருக்கு அந்த இரண்டு காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கருவி சொல்வதைச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும். 1988 இண்டியானாபோலிஸில் ஃப்ளாரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49 ஓடியபோது தாளில் காற்று 0.0. அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த மும்முறை தாண்டுதலில் +4.3. இன்றுவரை அந்தச் சாதனை பட்டியலில் இருக்கிறது, அந்தக் கேள்வியும் கூடவே இருக்கிறது. நல்ல நேரம் வந்தால் உடனே அதே பொழுதின் மற்ற ஹீட்கள் (ஒரே சுற்றில் தனித்தனியாக ஓடும் பிரிவுகள்), தாண்டுகுழி இவற்றின் காற்றையும் வரிசையாகப் பாருங்கள். ஐந்து ஹீட்டில் நான்கு +2.4, +1.9, +2.8, +2.2 என்று போய், ஒன்று மட்டும் +0.1 என்று இருந்தால் அந்த ஒன்றைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பேசுவது நல்லது.


புதுரசிகை:

ரொம்ப உதவியா இருக்கு. ரெண்டு சந்தேகம். பாரிஸ் 2024 ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்சன் 9.789. ரெண்டு பேருக்கும் தாள்ல 9.79னு போட்டிருக்காங்க. 9.784-ஐ முழுமையாக்கினா 9.78 தானே வரணும்? அப்புறம் ஹீட் முடிவுல பெரிய க்யூ, சின்ன க்யூ ரெண்டும் வருதே, வித்தியாசம் என்ன?


எட்டாம்லேன்:

நேரத்தை எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்குவார்கள். 9.780 என்று துல்லியமாக வந்தால் மட்டுமே 9.78. 9.781-லிருந்து 9.790 வரை எதுவாக இருந்தாலும் 9.79. எறிதலிலும் தாண்டுதலிலும் இதே எண்ணம் மறுபக்கமாக வரும்: 8.349 மீட்டர் தாண்டினால் 8.34. வீரருக்கு அவர் செய்ததைவிட ஒரு துளியும் கூடுதலாகக் கொடுப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. ஆயிரத்தில் ஒரு பங்கு யார் முதல் என்று பிரிக்க மட்டும் பயன்படும். பட்டியல், சாதனை, தகுதி எல்லாவற்றுக்கும் நூறில் ஒரு பங்குதான்.

அந்த இறுதியின் ஃபோட்டோ ஃபினிஷ் படத்தைப் பார்த்தவர்கள் பலர் "தாம்சனின் கால் முன்னால் இருக்கிறதே" என்று கேட்டார்கள். கணக்கில் வருவது உடற்பகுதி மட்டும். தலை, கழுத்து, கை, கால் எதுவும் சேராது. இன்னொன்று, அது சாதாரணப் படம் கிடையாது. முடிவுக் கோடு என்ற ஒரே மெல்லிய கீற்றை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எடுத்து வரிசையாக ஒட்டியது. படத்தின் அகலம் நேரம். இடப்பக்கமும் வலப்பக்கமும் இடைவெளியைக் காட்டவில்லை, எது முன்பு கோட்டைத் தொட்டது என்பதைக் காட்டுகின்றன. பின்னணி முழுக்க வெள்ளையாகத் தெரிவதும், கோட்டில் ஊன்றி நின்ற பாதம் பலகை போல நீண்டு தெரிவதும் இதனால்தான்.

பெரிய க்யூ: இடத்தால் தகுதி. சின்ன க்யூ: நேரத்தால் தகுதி. மூன்று அரையிறுதி, ஒவ்வொன்றிலும் முதல் இருவர், அடுத்து வேகமான இருவர், மொத்தம் எட்டு. இதனால் ஹீட் நேரங்களைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். முதல் ஹீட்டில் இடத்தைப் பிடித்துவிட்ட ஒருவர் கடைசி 20 மீட்டரில் தளர்த்தி ஓடுவார். கடைசி ஹீட்டில் ஓடுபவருக்குச் சின்ன க்யூவுக்கு எவ்வளவு தேவை என்பது முன்பே தெரியும், அவர் கோடுவரை முட்டித் தள்ளுவார். இரண்டு நேரங்களையும் அப்படியே ஒப்பிட்டு யார் நல்ல நிலையில் இருக்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது. பாரிஸில் 200 முதல் 1500 வரை, தடை ஓட்டங்கள் உட்பட, முதல் சுற்றில் சின்ன க்யூவை எடுத்துவிட்டு ரெப்பஷாஜ் என்ற மறுவாய்ப்புச் சுற்றை வைத்தார்கள். அந்த ஆண்டின் முதல் சுற்று நேரங்களைப் பழைய போட்டிகளோடு ஒப்பிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ரியாக்ஷன் டைம், அதாவது துப்பாக்கி வெடித்ததிலிருந்து வீரர் கிளம்ப எடுக்கும் நேரம், பற்றியும் சொல்லிவிடுகிறேன். 0.100 வினாடிக்குக் குறைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட் (தவறான தொடக்கம்). யூஜின் 2022-ல் டெவன் ஆலன் 0.099-க்கு வெளியேற்றப்பட்டார். பலர் மொத்த நேரத்திலிருந்து ரியாக்ஷனைக் கழித்து "சுத்தமான ஓட்ட நேரம்" என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். லைல்ஸ் 0.178, தாம்சன் 0.176, கழித்தால் 9.606, 9.613. ஒரே பந்தயத்துக்குள் இது சரி. வெவ்வேறு அரங்குகளுக்கு இடையே செய்யாதீர்கள். பிளாக்கில் பாதம் கொடுக்கும் அழுத்தம் எந்த அளவைத் தாண்டும்போது எதிர்வினை என்று எடுப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும். யூஜினில் எல்லாருடைய எண்களும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்ததே அப்போது பெரிய விவாதம் ஆனது.

காற்றுமானியிடம் ஒரு மாற்றுக் கருத்து. +1.8-ல் வந்த 9.85-ஐயும் -0.6-ல் வந்த 9.93-ஐயும் அப்படியே பக்கத்தில் வைப்பதைவிட, காற்றைத் திருத்தி 0.0-வுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவது நேர்மை. அதற்கான சூத்திரங்கள் இருக்கின்றன.


காற்றுமானி:

திருத்தலாம், ஆனால் அந்த எண்ணை நூறில் ஒரு பங்குவரை நம்பக் கூடாது என்பதே என் நிலை. ஆண்கள் 100 மீட்டரில் +2.0 காற்று சுமார் 0.10 வினாடி தரும். அதே அளவு எதிர்காற்று சுமார் 0.12 வினாடி எடுக்கும். காரணம், காற்றின் எதிர்ப்பு சார்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் வினாடிக்கு 12 மீட்டர் என்றால் காற்றில்லாதபோது 12-ன் வர்க்கம் 144. பின்காற்றில் 10-ன் வர்க்கம் 100. எதிர்காற்றில் 14-ன் வர்க்கம் 196. குறைவது 44, கூடுவது 52. சூத்திரத்தின் இயற்பியல் சரி. உள்ளே போடும் காற்றளவு ஒரே இடத்தின் 10 வினாடி சராசரி என்பதே சிக்கல். முதல் 40 மீட்டரில் வீசி அடங்கிய காற்றும், கடைசி 40 மீட்டரில் எழுந்த காற்றும் ஒரே சராசரியைத் தரலாம், ஓட்டத்துக்கு அவை செய்யும் உதவி வேறு.

எனவே நீங்கள் சொன்ன இரண்டையும் திருத்தினால் 9.93-தான் மேல் என்று வரும், அதில் எனக்கு மறுப்பில்லை, இடைவெளி அவ்வளவு பெரிது. திருத்திய பிறகு 9.91, 9.92 என்று வந்தால் இரண்டும் சமம் என்று விட்டுவிடுங்கள். 200 மீட்டருக்கு இந்தத் திருத்தமே வேண்டாம். பாதி ஓட்டத்தின் காற்று யாருக்கும் தெரியாது.

உயரத்தை மறக்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் என்றால் பட்டியலில் ஏ என்று குறி இருக்கும். 1968-ல் பாப் பீமனின் 8.90 மெக்சிகோ நகரில், சுமார் 2240 மீட்டர் உயரத்தில், காற்று சரியாக +2.0. 1991 டோக்கியோவில் மைக் பவலின் 8.95-க்குக் காற்று +0.3 மட்டுமே. அதே மாலை கார்ல் லூயிஸின் 8.91-க்கு +2.9. இந்த மூன்றையும் நீளத்தால் மட்டும் வரிசைப்படுத்தினால் பவலின் தாண்டல் மற்ற இரண்டைவிட எவ்வளவு உயர்ந்தது என்பது தெரியாமலே போகும்.


ஃபிரேம்கணக்கு:

வீடியோவிலிருந்து ஸ்பிளிட், அதாவது ஓட்டத்தின் ஒரு பகுதிக்கான நேரம், எடுப்பவர்களுக்காக. அதிகாரப்பூர்வமான 10 மீட்டர் ஸ்பிளிட்கள் எல்லாப் போட்டிக்கும் வெளிவருவதில்லை, அதனால் ரசிகர்களே எடுக்கிறார்கள். எடுப்பது நல்ல வேலை, ஆனால் முறை தவறினால் வரும் எண் ஊரெல்லாம் பரவிவிடும்.

அடையாளங்கள் தடத்திலேயே இருக்கின்றன. தடைகளை வைக்கும் இடங்களைத் தடத்தில் நிறத்தால் குறித்திருப்பார்கள். வழக்கமான குறியீட்டில் பெண்கள் 100 மீட்டர் தடை மஞ்சள், ஆண்கள் 110 மீட்டர் தடை நீலம், 400 மீட்டர் தடை பச்சை. 100 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல் தடை 13 மீட்டரில், பிறகு 8.5 மீட்டர் இடைவெளி. ஆகவே மூன்றாவது மஞ்சள் குறி சரியாக 30 மீட்டர். 400 மீட்டர் தடை ஓட்டத்தின் கடைசித் தடையிலிருந்து கோடுவரை 40 மீட்டர், எனவே அந்தப் பச்சைக் குறி 100 மீட்டர் ஓட்டத்தின் 60 மீட்டர். அதற்கு முந்தைய பச்சைக் குறி 25 மீட்டர். 110 மீட்டர் தடை ஓட்டம் பத்து மீட்டர் பின்னாலிருந்து தொடங்குவதால் அதன் மூன்றாவது நீலக் குறி சரியாக 22 மீட்டரில் விழும். 30-லிருந்து 60 வரை, 60-லிருந்து 100 வரை என்று இரண்டு நல்ல துண்டுகள் இப்படிக் கிடைக்கும்.

துப்பாக்கிச் சத்தத்திலிருந்து எண்ணாதீர்கள். ஒளிபரப்பில் ஒலியும் படமும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உடற்பகுதி கோட்டைத் தொடும் ஃபிரேமுக்கு அதிகாரப்பூர்வ நேரத்தைக் கொடுங்கள், அங்கிருந்து பின்னால் போங்கள். வினாடிக்கு 50 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் 0.02 வினாடி.

தொடங்குமுன் கோப்பைச் சோதியுங்கள். திரையில் ஓடும் கடிகாரத்தின் பத்தில் ஒரு பங்கு இலக்கம், 50 ஃபிரேம் படத்தில், ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை மாற வேண்டும். நான்கு, ஆறு, ஐந்து, ஏழு என்று மாறினால் யாரோ மறுபதிவு செய்ததில் ஃபிரேம்கள் விழுந்திருக்கின்றன அல்லது இரட்டித்திருக்கின்றன. அந்தக் கோப்பை விட்டுவிடுங்கள். ஸ்லோமோஷன் மறுஒளிபரப்பைத் தொடவே வேண்டாம்.

கேமரா ஓட்டக்காரருக்குப் பக்கவாட்டில், செங்குத்தாக இருக்கும்போது மட்டும் படியுங்கள். தடத்தை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கேமரா இதற்குச் சிறந்தது. உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் கேமராவில் உடல் குறிக்கு மேலே வந்ததுபோலத் தெரியும் இடம், லேனுக்கு லேன் மாறும்.

இப்போது பிழை. 12 மீட்டர் வேகத்தில் ஒரு ஃபிரேம் என்பது 24 சென்டிமீட்டர். 10 மீட்டரை 0.83 வினாடியில் கடந்ததாக அளந்தால், ஒரே ஒரு ஃபிரேம் தவறினாலும் வேகம் மணிக்கு 42-க்கும் 44-க்கும் இடையே அலையும். ஆகவே கண்ணால் எடுத்த 10 மீட்டர் ஸ்பிளிட்டை வைத்து உச்ச வேகம் சொல்வது வெறும் ஊகம். 30 மீட்டர் துண்டுக்கு அதே பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். 30 ஃபிரேம் படம் என்றால் 40 மீட்டர் துண்டுக்குக் குறைவாக எதுவும் வெளியிடாதீர்கள்.

ஒப்பிட நம்பகமான அடிப்படை வேண்டும் என்றால் 2009 பெர்லினில் போல்ட்டின் 9.58. ஒவ்வொரு 20 மீட்டரும்: 2.89, 1.75, 1.67, 1.61, 1.66. காற்று +0.9, ரியாக்ஷன் 0.146. அறுபதிலிருந்து எண்பது வரை சராசரியே மணிக்கு 44.7 கிலோமீட்டர். யாராவது 20 மீட்டரை 1.57-ல் கடந்ததாக வீடியோக் கணக்கு வந்தால் முதலில் கோப்பைச் சந்தேகியுங்கள்.


எட்டாம்லேன்:

இதோடு தொடர் ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4×100-ல் கோல் மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். இரண்டாவது ஆள் முதல் எல்லாரும் ஓடிக்கொண்டே வாங்குகிறார்கள், பிளாக்கிலிருந்து எழுந்து வேகம் பிடிக்கும் நேரம் அவர்களுக்கு இல்லை. கடைசி ஆளின் 8.8-ஐ எடுத்து "100 மீட்டரை 9.5-ல் ஓடியிருப்பார்" என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. மாற்றம் பகுதியின் எந்த இடத்தில் நடந்தது என்பதைப் பொறுத்தே அவர் கோலோடு ஓடிய தூரம் மாறும். 4×400-ல் முதல் ஆளின் ஸ்பிளிட்டை மட்டும் தனி ஓட்டத்தோடு ஒப்பிடலாம்.

கையால் எடுத்த நேரம் பழைய பட்டியல்களில் ஒரே தசமத்தில் இருக்கும். 100, 200-க்கு 0.24, 400-க்கு 0.14 கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு வைக்க வேண்டும்.


கடைசிச்சுற்று:

நீங்க எல்லாரும் ஸ்பிரின்ட்லயே நிக்கிறீங்க. நடுத்தூர ஓட்டத்துல தாளைப் படிக்கிற விதமே வேற.

ரியோ 2016 ஆண்கள் 1500 இறுதி, மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் ஜெயிச்சது 3:50.00. பாரிஸ் 2024 இறுதி, கோல் ஹாக்கர் 3:27.65, நாலாவதா வந்த யாகோப் இங்கபிரிக்ட்சனே 3:28.24. நேரத்தை மட்டும் பார்த்தா ரியோ ஓட்டம் ஒண்ணுமே இல்லன்னு தோணும். ஆனா ரியோல கடைசி 400 ஐம்பது வினாடி சொச்சம். முதல் 1100 மீட்டர் சுற்றுக்கு 65 வினாடி வேகத்துல போச்சு, அப்புறம் எல்லாமே கடைசில. அங்க வேணும்னது மெதுவான கூட்டத்துல நல்ல இடத்துல நிக்கிறதும், சட்டுனு வேகம் மாத்துறதும். பாரிஸ்ல வேணும்னது 55 வினாடிச் சுற்றுகளைத் தொடர்ந்து தாங்குறது. ரெண்டையும் ஒரே அளவுகோல்ல வைக்கவே முடியாது.

1500 தொடங்குற இடம் வேற, முடியுற இடம் வேற. மூணே முக்கால் சுற்று. அதனால முடிவுக் கோட்டைத் தாண்டும்போது திரையில வர்றது 300, 700, 1100 நேரம். தாள்ல போடுறது 400, 800, 1200. இதைக் கலந்துட்டு "முதல் சுற்று 42 வினாடி"னு எழுதுறவங்க இருக்காங்க. தாள்ல இருக்கற ஸ்பிளிட் முன்னால ஓடுறவரோடது. பேஸர் (வேகம் வச்சுக் கொடுக்க முன்னால ஓடிட்டுப் பாதில விலகுறவர்) இருக்கற பந்தயத்துல அது அவரோடதா இருக்கும், அவர் பேருக்கு நேரா முடிவுல டி.என்.எஃப்.னு (ஓட்டத்தை முடிக்கலன்னு) இருக்கும். நம்ம பார்க்குற வீரர் அஞ்சாவதா வந்தா அவர் ஸ்பிளிட்டைத் தனியா எடுக்கணும். 60 வினாடிச் சுற்று வேகத்துல ஒரு வினாடி இடைவெளின்னா 6.7 மீட்டர், இதை மனசுல வச்சுக்கிட்டா வீடியோவுலயே மதிப்பிடலாம்.

வளைவுல யார் எங்க ஓடுறாங்கன்னு பாருங்க. ரெண்டாவது லேன்ல ஒரு முழுச் சுற்று 407.04 மீட்டர். ரெண்டு வளைவும் வெளியவே ஓடினா ஏழு மீட்டர், அந்த வேகத்துல ஒரு வினாடிக்கு மேல. 0.3 வினாடில தோத்தவர் எந்த லேன்ல ஓடினார்னு பார்க்காம "முடிவு வேகம் இல்ல"ன்னு சொல்லிடறது நியாயமில்ல.

800 மட்டும் எப்பவும் முதல் சுற்றைப் பாருங்க. டேவிட் ருடிஷா லண்டன் 2012-ல 1:40.91. முதல் சுற்று 49.28, அடுத்தது 51.63. பேஸர் இல்லாம முன்னாலயே ஓடி வந்தது. அதனாலதான் அந்த ஓட்டத்துக்கு அவ்வளவு மரியாதை.

வேவ்லைட் பத்தி ஒரு வார்த்தை. 2020-ல ஜோஷுவா செப்டெகெய் மொனாக்கோவுல 5000 மீட்டர் 12:35.36, வலென்சியாவுல 10,000 மீட்டர் 26:11.00 ஓடினது உள்கரையில ஓடுற விளக்குகளோட. சுற்றுக்கு 60.4, 62.8 சராசரி. விளக்கு கால்ல ஓடலதான், ஆனா சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறி இறங்குறதை அது குறைக்குது. அதோட மாறின ஷூவும் சேர்ந்துச்சு. 2024 நவம்பர் 1-லேருந்து தடத்துல எல்லாப் போட்டிக்கும் அடிப்பகுதி தடிமன் 20 மில்லிமீட்டருக்கு மேல கூடாது. பழைய தலைமுறையோட ஒப்பிடணும்னா நேரத்தை விட்டுட்டு, அந்தந்த ஆண்டுப் பட்டியல்ல எவ்வளவு முன்னால இருந்தாங்கன்னு பாருங்க, அதுதான் எனக்குச் சரியாப் படுது.


வட்டுக்கூண்டு:

களப் போட்டிகளை ஒளிபரப்பு பாதி காட்டாது. அதனால் நேரலை முடிவுப் பக்கம்தான் நமக்குக் கண். ஆறு முயற்சிகளையும் வரிசையாகப் படியுங்கள். ஒரே ஒரு பெரிய எறிதலும் நான்கு ஃபவுலும் ஒரு மாதிரி, ஆறும் ஒரு மீட்டருக்குள் அடங்கியது வேறு மாதிரி. அடுத்த போட்டிக்கு யாரை எதிர்பார்க்கலாம் என்பதை இரண்டாவது வகைதான் சொல்லும்.

நீளம் தாண்டுதலில் ஒவ்வொரு முயற்சிக்கும் தனிக் காற்று. சிறந்த தாண்டல் +2.6-ல் வந்திருந்தால், தரப்பட்டியலுக்குப் போவது அவரது வேறொரு தாண்டல். தாளின் கீழ்ப்பகுதியில் அதைத் தனியாகக் கொடுப்பார்கள், அங்கே பாருங்கள்.

எறிதல்களுக்குக் காற்று விதியே கிடையாது. வட்டு எறிதலில் சரியான கோணத்தில் வரும் எதிர்காற்று வட்டைத் தூக்கிப் பிடிக்கும். யுர்கன் ஷூல்ட்டின் 74.08 1986-லிருந்து நின்றது. மிகோலாஸ் அலெக்னா அதை 2024-ல் ஓக்லஹோமாவின் ரமோனாவில் 74.35 எறிந்து தாண்டினார், 2025-ல் அதே இடத்தில் 75.56. காற்றுக்குப் பேர்போன இடம் என்பதால்தான் எறிபவர்கள் அங்கே கூடுகிறார்கள். அதே அலெக்னா 2024 ஒலிம்பிக் இறுதியில் மூடிய கிண்ணம் போன்ற அரங்குக்குள் எறிந்தது 69.97, ரோஜே ஸ்டோனாவின் 70.00-க்கு அடுத்து வெள்ளி. அரங்கப் போட்டி எண்ணையும் திறந்தவெளி எண்ணையும் இரண்டு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈட்டியில் ஆண்டைப் பாருங்கள். 1986-ல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை முன்னால் நகர்த்தினார்கள், மூக்கு சீக்கிரம் இறங்கும்படி. ஊவே ஹோனின் 104.80 பழைய ஈட்டி, 1984. யான் ஷெலெஸ்னியின் 98.48 புதியது, 1996. இரண்டையும் ஒரே வரியில் எழுதுவது தவறு. பெண்கள் ஈட்டிக்கு மாற்றம் வந்தது 1999-ல்.


புதுரசிகை:

உயரம் தாண்டுதல்ல ரெண்டு பேரும் ஒரே உயரம் தாண்டியும் ஒருத்தருக்குத் தங்கம், இன்னொருத்தருக்கு வெள்ளின்னு வருதே, அது எப்படி?


வட்டுக்கூண்டு:

முதலில் கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறுகள் குறைவு என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் அந்த உயரம்வரை மொத்தத் தவறுகள். ஒருவர் 2.30-ஐ இரண்டாவது முயற்சியில், மற்றவர் முதலிலேயே தாண்டினார்கள். 2.33-ஐ இருவரும் முதல் முயற்சியில். 2.36-ல் இருவருமே தோற்றார்கள். 2.33-ல் சமம், மொத்தத்தில் ஒருவருக்கு ஒரு தவறு, மற்றவருக்கு இல்லை. இரண்டாமவர் வென்றார். 2.36-ல் விழுந்தவை கணக்கில் சேராது, பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இரண்டு கணக்கிலும் சமம், அதுவும் முதலிடத்துக்கு என்றால் ஜம்ப் ஆஃப் (வெற்றியாளரை முடிவுசெய்ய மேலும் தாண்டுவது) உண்டு, வேண்டாம் என்று இருவரும் சொன்னால் பகிர்ந்துகொள்ளலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பர்ஷிமும் தம்பேரியும் 2.37-ல் பகிர்ந்தார்கள். பாரிஸில் ஹாமிஷ் கெர்ரும் ஷெல்பி மெக்யூவனும் 2.36-ல் சமமாகி, மேலும் தாண்டினார்கள். கெர் 2.34-ல் வென்றார்.

தாளில் கோடு என்பது அந்த உயரத்தைத் தவிர்த்தது. ஒரு உயரத்தில் ஒருமுறை விழுந்துவிட்டு மீதி இரண்டு முயற்சியை அடுத்த உயரத்துக்கு எடுத்துச் செல்லலாம். எதிராளி முந்தைய உயரத்தைத் தாண்டிவிட்டார் என்றால், அதையே தாண்டுவதால் தவறுகளில் பின்தங்கியபடிதான் இருக்க வேண்டும், மேலே போவதே வழி. இந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தால் நேரலைப் பக்கத்தில் எழுத்துகளை மட்டும் பார்த்தே போட்டியின் பதற்றத்தை உணரலாம்.


பத்துப்போட்டி:

டெக்காத்லான் (பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டும் ஆண்கள் போட்டி) பின்தொடர்பவர்களுக்கு ஒரு கணக்குத்தாள் போதும். ஓட்டங்களுக்குப் புள்ளி என்பது, நிலையான ஓர் எண்ணிலிருந்து நேரத்தைக் கழித்து, அதை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, இன்னொரு எண்ணால் பெருக்குவது. 100 மீட்டருக்கு அவை 18, 1.81, 25.4347. 10.50 ஓடினால் 18-லிருந்து கழிக்க 7.5, அதன் 1.81 அடுக்கு, பெருக்கினால் 975.6. தசமத்தை வெட்டிவிட வேண்டும், 975. மேலே முழுமையாக்கினால் பத்துப் போட்டி முடிவதற்குள் சில புள்ளிகள் தப்பாகிவிடும். நீளம் தாண்டுதலுக்கு 220, 1.40, 0.14354, அளவைச் சென்டிமீட்டரில் போட வேண்டும், இங்கே தாண்டியதிலிருந்து 220-ஐக் கழிப்பது. 7.50-க்கு 935. மீட்டரில் போட்டு "கணக்கு வரவில்லை" என்பவர்களே அதிகம்.

1500-க்கு 480, 1.85, 0.03768, நேரம் வினாடியில். 4:30.00 என்றால் 745, 4:15.00 என்றால் 846. அதாவது அந்த வட்டாரத்தில் ஒரு வினாடி ஆறரைப் புள்ளிக்குச் சற்று மேல். ஒன்பது போட்டி முடிந்து ஒருவர் 60 புள்ளி முன்னால் இருந்தால், பின்னால் இருப்பவர் ஏறக்குறைய ஒன்பது வினாடி முன்னதாக முடிக்க வேண்டும். இருவரின் 1500 பெர்சனல் பெஸ்ட்டையும் அப்போது பக்கத்தில் எடுத்து வையுங்கள், ஆனால் தனி ஓட்டத்தில் வந்த நேரமா, பத்தாவது போட்டியாக ஓடியதா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் பல வினாடி வித்தியாசம் இருக்கும்.

காற்று விதி இங்கே வேறு. 100, நீளம், 110 தடை மூன்றின் சராசரி 2.0-க்குள் இருந்தால் மொத்தப் புள்ளி சாதனைக்கு ஆகும். ஒன்றில் மட்டும் +2.4 என்று பார்த்துவிட்டு "மொத்தமும் செல்லாது" என்று எழுத வேண்டாம். ஃபால்ஸ் ஸ்டார்ட்டும் அப்படித்தான், இங்கே பந்தயத்துக்கு ஒன்று மன்னிக்கப்படும், அதை யார் செய்தாலும் சரி. அதன்பின் யார் செய்தாலும் வெளியே.


புதுரசிகை:

பெண்களோட ஏழு போட்டி ஹெப்டாத்லானுக்கும் இதே காற்று விதிதானா? எந்த மூணு?


பத்துப்போட்டி:

அதே விதிதான். 100 மீட்டர் தடை, 200, நீளம் தாண்டுதல். கடைசி ஓட்டம் 800, அதற்கு எண்கள் வேறு: 254, 1.88, 0.11193. 2:10.00 என்றால் 130 வினாடி, கழித்தால் 124. அதை உங்கள் கணக்குத்தாளில் போட்டு 965 வருகிறதா பாருங்கள். வந்தால் சூத்திரம் சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.